அறுந்த விரலும் கடுக்கும் இடுப்பும்

திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கட்டிங்கில் பேண்ட் நைஃப் ஓட்டுகிறவர். இன்னொருவர் ஓவர்லாக் டெய்லர். முன்னவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆள்காட்டி விரல் அறுந்துபோகிறது. பின்னவருக்கு இடுப்பும் கழுத்தும் கடுக்கின்றன. எந்த வருடம் தொடங்கியது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இருவரும் நான் எடுத்துக்கொண்ட மாதிரிகள்தான். ஆனால் கட்டிங் மேசையும் பவர் டேபிளும் உள்ள எந்தத் தெருவில் விசாரித்தாலும் இருவரும் கிடைப்பார்கள்.

இரண்டு உடல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறேன் என்றால், எந்தத் துன்பம் பெரியது என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரே முதலாளி, ஒரே இ.எஸ்.ஐ. அட்டை, ஒரே சட்டம். அப்படியிருந்தும் இருவரும் ஏன் இவ்வளவு வேறாக நடத்தப்படுகிறார்கள் என்பதுதான் கேள்வி. விரல் போனது கண்ணுக்குத் தெரிகிறது, வலி தெரிவதில்லை என்பது பாதி விடை. மீதிப் பாதி தேதியிலும் பதிவேட்டிலும் இருக்கிறது.

வந்த வழி

கட்டிங்கில் துணியைப் பல அடுக்காக விரித்து அறுக்கிறார்கள். பேண்ட் நைஃபின் கத்தி நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். துணியைத்தான் கத்தியை நோக்கித் தள்ள வேண்டும். இதற்கென்றே எஃகுக் கம்பி வலையால் ஆன கையுறை உண்டு. அதைப் போட்டால் துணி கைக்குப் பிடிபடவில்லை, வேகம் வரவில்லை என்று கழற்றி வைப்பவர்களும் உண்டு. எப்படி நடந்தாலும், விபத்துக்கு மணி உண்டு, இடம் உண்டு, பக்கத்தில் நின்ற சாட்சி உண்டு, தரையில் ரத்தம் உண்டு.

ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவருக்குத் தலை ஊசிமுனையைப் பார்த்துக் குனிந்தே இருக்கும். முதுகு முன்னால் சாய்ந்திருக்கும், கால் மிதியை விட்டு அகலாது. கை வைத்துத் தைப்பவர் நாள் முழுக்கக் கைதான் வைப்பார். தோள் இணைப்பவர் நாள் முழுக்கத் தோள்தான் இணைப்பார். ஒரு பீஸுக்குச் சில நொடிகள், ஒரு ஷிப்ட்டுக்கு நூற்றுக்கணக்கான பீஸ்கள். பல இடங்களில் உட்காருவது சாய்மானம் இல்லாத ஸ்டூல். கழுத்தையும் முதுகையும் ஒரே நிலையில் பிடித்து நிறுத்தும் தசைகள் இறுகியே இருப்பதால் அவற்றில் ரத்த ஓட்டம் குறைகிறது. அந்தச் சோர்வு தீர்வதற்குள் அடுத்த ஷிப்ட் வந்துவிடுகிறது. கைமடி உதவியாளருக்கும் செக்கிங்குக்கும் அயர்னிங்குக்கும் இதன் மறுபக்கம்: நாள் முழுக்க நிற்பது. அவர்களுக்கு வலி முழங்காலிலும் குதிகாலிலும் போய்ச் சேர்கிறது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது போய்ப் போய்த் திரும்புகிற வலியை மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. அந்தக் கட்டத்தில் முதலில் புண்பட்ட இடம் ஆறியிருந்தாலும் நரம்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுவது உண்டு. லேசான அசைவும் வலியாகவே உறைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் நாள்பட்ட வலிக்குத் தனிக் குறியீடே இருக்கிறது. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதியது. மருத்துவம் இந்த அளவுக்கு வந்துவிட்டது. தொழிலாளர் சட்டம் இன்னும் வரவில்லை.

இரண்டு அட்டவணைகள்

1948-ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (இ.எஸ்.ஐ.) சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்து விலை எழுதிய பட்டியல். கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ 7. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் போனாலும் 5 சதவீதம் உண்டு.

மாதம் 15,000 ரூபாய் வாங்கும் நம் கட்டிங்காரரின் நாள் சராசரி 500 ரூபாய். அதில் 90 சதவீதம் 450. அதில் 14 சதவீதம் 63. ஆக ஒரு விரலுக்கு ஒரு நாளைக்கு 63 ரூபாய், ஆயுள் முழுக்க. ஒரு மாதத்துக்கு 1,890 ரூபாய் வரும். விரலின் அருமைக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் மூன்று வகையில் இது பெரிய விஷயம். அவர் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் இந்தப் பணம் நிற்காது. வேலை நேரத்தில் நடந்த விபத்து வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று சொல்ல வேண்டியது எதிர்த்தரப்பின் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேல், அவர் இழந்தது இழப்புத்தான் என்று அரசாங்கக் காகிதம் ஒன்று சொல்லிவிடுகிறது.

டெய்லர் போய் நிற்க வேண்டியது மூன்றாம் அட்டவணையின் முன்னால். தொழிலால் வரும் நோய்களின் பட்டியல் அது. ஈய நச்சு இருக்கிறது, இரைச்சலால் வரும் காதுகேளாமை இருக்கிறது, பஞ்சுத்தூசியால் நுரையீரலில் வரும் பிசினோசிஸ் இருக்கிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் கழுத்து, தோள், இடுப்பு வலி அதில் இல்லை. பட்டியலில் இல்லாத நோய்க்கு அதே சட்டத்தின் 52-ஏ பிரிவு ஒரே ஒரு வழியை விட்டுவைத்திருந்தது: வேலையில் நடந்த குறிப்பிட்ட ஒரு விபத்துக் காயம்தான் அந்த நோய்க்கு நேரடிக் காரணம் என்று காட்ட வேண்டும். பதினைந்து வருடத்தில் எந்தக் காலையை, எத்தனையாவது பீஸை அவர் காட்டுவார்? அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த வகைப் பட்டியல்களை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது.

இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருக்கும் இன்னொரு கதவு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அது 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. முக்கியமான பல சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதம் வேண்டும். இங்கே இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். ஒற்றை விரல் போனவர் 40-ஐ எட்டுவது அரிது. நாள்பட்ட வலியோ அந்த 21-ல் ஒரு வகையாகவே இல்லை. ஆனால் அதே பட்டியலில் தலசீமியாவும் ஹீமோபிலியாவும் அரிவாள் செல் நோயும் காதுகேளாமையும் உண்டு. பார்த்தவுடன் தெரிகிற குறைபாடு இவற்றில் ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாததைச் சட்டம் ஏற்காது என்பது சரியல்ல. சோதனைச் சாலையோ கருவியோ ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் ஏற்றுக்கொள்கிறது.

ஸ்கேன் என்ன சொல்லும்

அதனால்தான் டெய்லர்கள் ஸ்கேனைத் தேடி ஓடுகிறார்கள். “டிஸ்க் விலகியிருக்குதுங்க”, “கழுத்துல தேய்மானம்ங்க” என்று சொல்லக் கையில் ஒரு படம் வேண்டியிருக்கிறது. இதில் காரணமும் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் நீண்டகால நோய்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. அதில் 34 நோய்கள். போதிய காலம் சந்தா கட்டியவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை கிடைக்கலாம். முதுகெலும்பு வட்டு பிதுங்குவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. படத்தில் சிக்காத இடுப்பு வலி அதில் இல்லை.

படம் அவ்வளவு நம்பத்தக்க சாட்சியும் அல்ல. 1994-ல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதத்தினருக்கு ஏதாவது ஓரிடத்தில் வட்டு புடைத்திருந்தது. வலி இல்லாதவருக்குப் படத்தில் கோளாறு தெரியலாம். வலியில் துடிப்பவரின் படம் சுத்தமாக இருக்கலாம். விரலுக்கு எக்ஸ்ரே உண்மையைச் சொல்லிவிடும். இடுப்புக்கு ஸ்கேன் சொல்வது சில நேரம் உண்மை, சில நேரம் தற்செயல். அப்படியிருந்தும் யாருக்கு ஓய்வு, யாருக்கு இல்லை என்பதை அந்தப் படமே முடிவு செய்கிறது.

விடுப்பா, ஷிப்ட்டா

பட்டியலுக்குள் வராத டெய்லருக்கு எஞ்சுவது சாதாரண நோய்ப்படி. சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். அதை வாங்க மருத்துவர் சான்று வேண்டும், அந்த நாட்களில் வேலைக்குப் போகாமலும் இருக்க வேண்டும். காய்ச்சலுக்கும் அறுவை சிகிச்சைக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். நாள்பட்ட வலி அப்படி வருவதில்லை. திங்களன்று குனிய முடியாது, புதனன்று முடியும், வெள்ளியன்று அரை ஷிப்ட் தாங்கும். வேலைக்கு வந்துவிட்டால் இ.எஸ்.ஐ. கணக்கில் அவர் நோயாளி இல்லை. வராவிட்டால் கம்பெனிக் கணக்கில் அவர் ஆள் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் கிடையாது.

சனிக்கிழமைச் சம்பளம் அந்த வாரம் எத்தனை ஷிப்ட் என்று எண்ணித்தான் வருகிறது. ஆர்டர் நெருக்கும்போது ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேர வேலை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி 12 மணி நேர வேலைக்கு வழி திறந்தபோது மாநிலமே கொதித்தது; சில நாட்களிலேயே அரசு அதை நிறுத்திவைத்தது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. திருப்பூர் டெய்லருக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேரம் புதிதில்லை. அது சட்டமாகாமலேயே அவர் இடுப்பில் பழகிப்போயிருந்தது.

விரல் அறுந்தவருக்கு முதலுதவிப் பெட்டி திறக்கும், வண்டி வரும், விபத்து அறிக்கை போகும். வலி என்று எழுந்து போகிறவருக்குக் கிடைப்பது ஒரு மாத்திரை. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடை வேலையில் இருந்த சுமார் 100 பெண்களைப் பேட்டி கண்டது. மாதவிடாய் வலிக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகளை வேலை இடத்திலேயே வாங்கி விழுங்கியதாக அவர்கள் சொன்னார்கள். மருத்துவப் பயிற்சி உள்ளவர் அதைக் கொடுத்தது அபூர்வம். உடல்நலம் கெட்டதாகப் பாதிக்கு மேற்பட்டோர் கூறினர். மாதவிடாய் வலிக்கும் இடுப்பு வலிக்கும் மருத்துவத்தில் வேறு வேறு காரணம் இருக்கலாம். ஷிப்ட்டில் இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான்: மெஷின் நிற்காமல் பார்த்துக்கொள்வது. வலிமாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண் வரும், சிறுநீரகம் கெடும். அந்தச் சேதம் தெரியவருகிற நாளில் அவர் வேறு ஏதாவது கம்பெனியில் இருப்பார்.

யார் நம்புகிறார்கள்

விரல் போனவரிடம் யாரும் நிரூபணம் கேட்பதில்லை. கல்யாண வீட்டில் கையைப் பார்த்ததும் “எப்படீங்க ஆச்சு?” என்று விசாரிப்பார்கள். கேட்பவருக்குச் சொல்ல ஒரு கதையும் அவரிடம் இருக்கிறது. பாரம் தூக்கச் சொல்லமாட்டார்கள். அந்த இரக்கமே சலிப்பூட்டும் என்பது வேறு.

வலி உள்ளவருக்குச் சாட்சி அவர் மட்டும்தான். “நல்லாத்தானே இருக்கே” என்பது சூப்பர்வைசர் சொல்வது, மாமியார் சொல்வது, சில நேரம் மருத்துவரும் சொல்வது. தைப்பவர் பெண் என்றால், ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனதும் இரண்டாவது ஷிப்ட் தண்ணீர்க் குடத்தில் தொடங்குகிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சோம்பல், சிரித்துப் பேசினால் நடிப்பு. வலியை மறைத்தால்தான் வேலை நிலைக்கும், மறைத்தால் யாரும் நம்பவும் மாட்டார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருப்பவருக்கு எந்த இடத்தில் எப்படி வலிக்கிறது என்று சொல்ல மொழியும் துணைக்கு இல்லை.

தாங்க முடியாத கட்டத்தில் பலர் கம்பெனி வேலையை விட்டுப் பீஸ்ரேட்டுக்குப் போகிறார்கள், அல்லது வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறார்கள். நினைத்தபோது எழுந்து நடக்கலாம், படுக்கலாம் என்கிற சுதந்திரம் அங்கே உண்டு. அதற்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் இ.எஸ்.ஐ. அட்டை. இந்த இடத்தில் விரலும் இடுப்பும் மறுபடி ஒன்றாகின்றன. ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன பவர் டேபிள் யூனிட்டில் பெயர் பதியாமல் வேலை செய்பவருக்கு விரல் போனாலும் அட்டவணை திறக்காது. முதலாளி கொடுப்பதை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அட்டவணை இருக்கிறது என்பதாலேயே கட்டிங்காரரைப் பாக்கியவான் என்று சொல்லிவிட முடியாது.

மறுப்பும் முன்னுதாரணமும்

டெய்லரின் வலியைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பவர்களின் வாதம் வலுவானதுதான். முதுகுவலி யாருக்கு இல்லை? வயது, பிரசவம், வீட்டு வேலை, குண்டும் குழியுமான ரோட்டில் மொபெட் ஓட்டுவது என்று காரணம் பல. வேலையால் வந்தது எவ்வளவு என்று யார் பிரிப்பது? பொய் சொல்லி விடுப்பெடுப்பவரை எப்படித் தடுப்பது?

இதே கேள்விகளைப் பிசினோசிஸுக்கும் கேட்கலாம். இருமலும் மூச்சிறைப்பும் பீடியாலும் வரும், ஆஸ்துமாவாலும் வரும். ஸ்பின்னிங் மில்லின் அந்த நோயைப் பிரித்தறிய உதவியது அதன் கிழமைக் கணக்கு. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளில் நெஞ்சு இறுகும், வாரம் போகப் போகத் தளரும். அந்த ஒழுங்கைத் தொழிலாளர்களிடமே கேட்டுக் கேட்டுப் பதிந்தார்கள், தூசியை அளந்தார்கள், மூச்சின் அளவை எடுத்தார்கள். நோய் பட்டியலில் ஏறியது. காதுகேளாமை முதுமையாலும் வரும். அதற்காக இரைச்சலால் வருவதைப் பட்டியலிலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை.

இதைவிடப் பழைய உதாரணமும் உண்டு. தந்திக் கருவியைத் தட்டித் தட்டிக் கை இழுத்துக்கொண்ட ஊழியர்களின் கோளாறைப் பிரிட்டன் 1908-லேயே இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. அங்கே எலும்பு முறியவில்லை, ரத்தம் வரவில்லை. ஒரே அசைவை ஆயிரம் முறை செய்த கை, அவ்வளவுதான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் தொழில்நோய்ப் பட்டியல் 2010-ல் திருத்தப்பட்டபோது தசை, எலும்பு, மூட்டுக் கோளாறுகளுக்குத் தனிப் பிரிவே இருந்தது. தந்தி ஊழியரின் கைக்கு நூறு வருடத்துக்கு முன் கிடைத்த இடத்தை ஓவர்லாக் டெய்லரின் கைக்கு மறுக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

பதிவேடு

ஏற்றுமதிக் கம்பெனிகளில் உடைந்த ஊசிக்கு ஒரு பதிவேடு உண்டு. மெஷினில் ஊசி உடைந்தால் வேலை நிற்கும். எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஒட்டுநாடாவால் தாளில் ஒட்டி, தேதி, மணி, மெஷின் எண் எழுதி, புது ஊசி வாங்க வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்தப் பீஸ்களை மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்ப்பார்கள். எங்கோ ஒரு குழந்தையின் உடம்பில் ஊசித்துண்டு குத்திவிடக் கூடாது என்று வெளிநாட்டு பையர் போட்ட நிபந்தனை அது. நல்ல நிபந்தனை. கம்பெனிகள் அதைக் கறாராக நடத்திக்காட்டவும் செய்கின்றன. சின்னஞ்சிறு சேதத்தை அன்றன்றைக்கு எழுதி வைக்கும் பழக்கம் திருப்பூருக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த ஊசிக்கு முன்னால் குனிந்திருப்பவரின் கழுத்துக்கு அப்படி ஒரு தாள் இல்லை.

கண்ணுக்குத் தெரியாததைப் பதிவாக்கிய அனுபவமும் பக்கத்திலேயே இருக்கிறது. 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில் திருப்பூரைச் சேர்ந்த ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் ஒரு தரப்பு. பெண்கள் மீதான தொல்லையைத் தடுக்க, வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்க அது வழி செய்தது. தொல்லைக்கும் ஸ்கேன் கிடையாது. கேட்கவும் எழுதவும் ஆள் வைத்த பிறகுதான் அது வெளியே வந்தது.

வலிக்கும் இதைச் செய்யலாம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு செக்‌ஷனிலும் யாருக்கு எங்கே வலி, எந்த மெஷின், எந்த ஆபரேஷன், எத்தனை ஒன்றரை ஷிப்ட், எத்தனை மாத்திரை என்று எழுதினால் போதும். ஒரு வருடத்தில், கை வைத்துத் தைப்பவர்களுக்கு வலது தோளும், நின்று செக்கிங் பார்ப்பவர்களுக்குக் குதிகாலும் திரும்பத் திரும்ப வருகிறதா இல்லையா என்பது தாளிலேயே தெரிந்துவிடும். வந்தால், வயதும் மொபெட்டும் காரணம் என்ற வாதம் தளரும். வராவிட்டால், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

செய்ய வேண்டியவற்றில் பல, சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாதவை. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு நின்று வேலை செய்பவருக்கு உட்கார வசதி கேட்டது. உட்கார்ந்தே வேலை செய்பவருக்குச் சாய்மானமுள்ள, உயரம் மாற்றக்கூடிய இருக்கையும் நடுவில் எழுந்து நிற்கச் சில நிமிடங்களும் கேட்பது அதன் இயல்பான அடுத்த படி. ஆபரேஷனை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். வலி உள்ள வாரத்தில் அரை ஷிப்ட் பார்த்தால் மீதி அரை நாளுக்கு நோய்ப்படி என்று இ.எஸ்.ஐ. விதியைத் திருத்தக் கேட்கலாம். 2021-ல் முடிந்த கூலி ஒப்பந்தம் நான்கு வருடத்துக்கு 32 சதவீத உயர்வைப் பேசி வாங்கித் தந்தது. அதே மேசையில் உட்காரும் முதலாளிகளும் சங்கங்களும் கூலிக்குப் பக்கத்தில் இருக்கையையும் இடைவேளையையும் வைத்துப் பேச முடியும். ஆனால் எண்ணிக்கை இல்லாமல் போனால் பேச்சு “எல்லாருக்கும்தான் இடுப்பு வலி” என்பதோடு முடிந்துவிடும். மூன்றாம் அட்டவணையில் ஒரு வரி சேர வருடங்கள் ஆகலாம். பதிவேட்டில் முதல் வரி எழுத ஒரு சங்கக் கிளையும் ஒரு செக்‌ஷனும் போதும்.